கோல்கீப்பரை அதட்டும் முறை

ஸ்கார்விக், நார்வே
17 மார்ச் 1996

என்னைவிடக் கால் மணி நேரம் மூத்தவளான அராபா பன்யினுக்கு,

பின்னால் பிறந்த கொபினா கக்ரா கும்பிட்டு எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மீன் புகையடுப்புகள் எப்படி? நம் ஊர் செகொண்டிக் கரையில் யாராவது என்னைப் பற்றித் தப்பாகப் பேசினால் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே முழங்கால் வரை பனி. ஆடுகளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பயிற்சியே. முதல் நாளே எங்கள் அணியின் நெட்டை ஃபார்வர்டு ஒருவன் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தான். போகவில்லை. இரண்டாம் தடவை பார்த்தான். அப்போதும் போகவில்லை. மூன்றாம் தடவை பந்தை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டான். கோச் ரைடார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் என்னை நடுத் தடுப்பில் நிறுத்தினார்.

எனக்குப் பின்னால் கோலில் நிற்பவர் ஆஸ்முண்ட். வயது முப்பத்தெட்டு, நம் எஜிர் மாமாவைவிட ஒரு வயது மூத்தவர். மகளுக்கே பதினேழு வயது. பகலில் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார், மாலையில் கோல் காக்கிறார். அவரை நான் 'ஐயா' என்றுதான் கூப்பிடுகிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒப்பந்தம் அக்டோபர் வரைக்கும்தான். பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள், பிடிக்காவிட்டால் விமானச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள். கண்டிப்பாக நீட்டிப்பார்கள். ஆகையால் மாமாவிடம் சொல்லிவிடு, தோணியில் எனக்கென்று வைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். மீனவர் குடும்பத்தில் பிறந்து அலையைப் பார்த்தாலே வாந்தியெடுக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தப் பிழைப்புக்கு என்னைத் திரும்ப அனுப்பினால் கடலே சிரிக்கும்.

அம்மாவின் காலைத் தொட்டு,
கொபினா கக்ரா


செகொண்டி
2 ஏப்ரல் 1996, செவ்வாய்

வாய்ச்சவடால் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு ஒரு முட்டியில் வலி குறைந்திருக்கிறது, இன்னொன்றில் கூடியிருக்கிறது. மொத்தத்தில் வித்தியாசமில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று இந்தக் கடிதம் எழுதும்போதே மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

இன்று நாம் பிறந்த கிழமை. எல்லாச் செவ்வாயும் போலத் தோணிகள் கரையேறிக் கிடக்கின்றன, கடலுக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வு. அதனால் இனி என் கடிதமெல்லாம் செவ்வாய்க்கிழமைக் கடிதமாகத்தான் இருக்கும்.

நீ சொன்னதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். வலைக்கண்ணை முடிந்துகொண்டே, "இடம் இருக்கட்டும். பந்து உதைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? அக்டோபர்ல வந்து நிப்பான் பாரு. மொதல்ல தண்ணி இறைக்க விடுறேன், அப்புறம் துடுப்பு" என்றார். "அவன் வாந்தி எடுப்பானே மாமா?" என்றேன். "எடுக்கட்டும். மீனுக்கு இரை" என்கிறார்.

ஷிட்டோ ஒரு பெரிய டப்பா நிறையச் செய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மிளகாயையும் கருவாட்டுப் பொடியையும் எண்ணெயில் நன்றாகக் கருக்கவிட்டிருக்கிறேன், கெடாது. அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் கொஞ்சமாகக் கொடு, செத்துவைக்கப் போகிறார்கள்.

ஒரு கட்டளை. ஒவ்வொரு ஆட்டத்தையும் எனக்கு எழுத வேண்டும். யார் உன்னைத் தாண்டப் பார்த்தான், எந்தப் பக்கம் போனான், நீ என்ன செய்தாய், எல்லாம். இங்கே கரையில் மீன் வாங்க வருகிறவர்களிடம் நான் என்னத்தைச் சொல்லி அளப்பது?

உன் மூத்தவள்,
அராபா பன்யின்


ஸ்கார்விக்
5 மே 1996

மூத்தவளுக்கு,

உன் ஷிட்டோ வந்தது, நானும் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். பக்கத்து அறைப் பையன் ஒரு கரண்டி ருசி பார்த்தான். இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

முதல் ஆட்டம் 2-0, வெற்றி. எதிரணியின் ஒன்பதாம் எண்காரன் போனவருடம் பதினேழு கோல் போட்டவனாம். வலப்பக்கம் தோளைச் சாய்த்து இடப்பக்கம் போவான், அதுதான் அவனுடைய ஒரே வித்தை. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அதன் பிறகு அவன் எங்கே போனாலும் நான் அங்கே முன்கூட்டியே நின்றேன். கடைசியில், "நீ எங்க வீட்டுக்கும் வந்துடுவ போல" என்றான்.

இரண்டாவது ஆட்டம் 1-1. எனக்கும் ஆஸ்முண்ட் ஐயாவுக்கும் நடுவில் சின்னக் குழப்பம், ஒரு பந்து உள்ளே போய்விட்டது. பெரிய விஷயமில்லை. மூன்றாவது ஆட்டம் இன்று மாலை. தபால் பெட்டியை நாளை விடியற்காலையிலேயே காலி செய்துவிடுவார்கள், அதனால் ஆட்டத்துக்கு முன்னதாகவே எழுதி முடிக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.
கக்ரா


ஸ்கார்விக்
9 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிக நலம். நீ நலமா, அம்மா நலமா, மாமா நலமா, மாமாவின் தோணி நலமா?

இங்கே இப்போது சூரியன் மறைவதே இல்லை. தூங்கப் போனால் ஜன்னலில் நிற்கிறது, எழுந்தால் அங்கேயே நிற்கிறது. திரைச்சீலையில் கருப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். நம் வீட்டுக் கோழிகள் இங்கே வந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

மீன் அருமையாக இருக்கிறது, ஆனால் உப்பு மட்டும் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். பாலாடைக்கட்டி ஒன்று பழுப்பு நிறத்தில் இனிப்பாக இருக்கிறது, அதை ரொட்டியில் வைத்துத் தின்கிறார்கள். கொஞ்சம் நார்வே மொழியும் கற்றுக்கொண்டேன். மலையில் ஏறினேன். ஒரு கலைமானைக்கூடப் பார்த்தேன்.

அணியோடு எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். போனவாரம் ஆட்டம் முடிந்ததும் எடுத்தது. அம்மாவிடம் காட்டு.

எல்லோருக்கும் என் அன்பு. எல்லோரும் நலமாக இருங்கள்.
கொபினா


செகொண்டி
25 ஜூன் 1996, செவ்வாய்

கொபினா கக்ரா,

நாங்கள் சுகம். மத்தி மீன் காலம் தொடங்கப் போகிறது, அடுப்பு பூசுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கடிதம் முழுக்க சூரியன், பாலாடைக்கட்டி, மான். பந்து எங்கே? தோணி நலமா என்று கேட்டிருக்கிறாய். நீ எப்போதடா தோணியை விசாரித்தாய்?

அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். "எம்புள்ள எவ்வளவு சுத்தமா இருக்கான் பாரு" என்று முத்தமிட்டாள். நானும் பார்த்தேன். பதினோரு பேர் சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி நிற்கிறார்கள். உன் பெரியவர் ஆஸ்முண்டின் முகத்தில் கண் மட்டும்தான் தெரிகிறது. நீ மட்டும் மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று ஓரத்தில் சிரிக்கிறாய். அம்மாவை ஏமாற்றலாம். பத்து வருடம் உன் அழுக்கு ஜெர்ஸியைத் துவைத்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே.

உன்னை எப்போது வெளியே உட்கார வைத்தார்கள்? ஏன்?

எனக்கும் உனக்கும் நடுவில் கால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்தக் கால் மணி நேரத்தைத் தவிர என் வாழ்க்கையில் நீ இல்லாத பொழுது கிடையாது. என்னிடம் மறைத்து யாரிடம் சொல்லப் போகிறாய்? மாமாவிடம் மூச்சு விடமாட்டேன், சத்தியம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அராபா


ஸ்கார்விக்
14 ஜூலை 1996

அக்காவுக்கு,

கும்பிடுகிறேன். உடம்பு நலம், மனசு இல்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

மே மாதம் ஐந்தாம் தேதி ஆட்டத்துக்குப் பிறகு நான் களத்தில் கால் வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கோட்டைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறேன்.

காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். ஒரு உயரமான பந்து வருகிறது என்று வைத்துக்கொள். நான் அதன் கீழே நிற்கிறேன். பின்னாலிருந்து ஆஸ்முண்ட் ஐயாவும் ஓடி வருகிறார். என் முதுகுக்குப் பின்னால் அவர் எங்கே வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது. அப்போது நான் "விடு, என்னோடது" என்று கத்த வேண்டும், அல்லது "வா, எடு" என்று கத்த வேண்டும். நடுத் தடுப்பில் நிற்கிறவனுக்குக் கால் பாதி, வாய் பாதி. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "செபெ, ஐயா, தயவுசெஞ்சு நீங்க…" அதற்குள் பந்து வலையில்.

நம் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு மரியாதைக் குறைவான சொல்லைச் சொல்லும் முன்னால் 'செபெ' போடாமல் வாய் திறந்ததுண்டா? ஐந்து வயதில் மாமாவைப் பார்த்து, செபெ போடாமல், "உங்க துணி அவுருது" என்று சொன்னதற்கு அம்மா என் உதட்டில் மிளகாயைத் தேய்த்தாளே. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. வாயைத் திறந்தால் செபெ முதலில் வந்து நிற்கிறது, அது நகர்ந்தால்தான் மற்றது வெளியே வரும். இரண்டு ஆட்டத்தில் மூன்று கோல் இப்படியே போனது.

ஆட்டம் முடிந்து கோச் எல்லோர் முன்னாலும் கேட்டார், "யார் தப்பு? யாரு அந்தப் பந்தை விட்டது?" ஆஸ்முண்ட் ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் நான் எப்படி முந்திக்கொண்டு பேசுவது? கோச் என்னிடம், "உன் காலு ரெண்டும் தங்கம். ஆனா ஊமையை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார்.

இப்போது அக்டோபரை நினைத்தாலே அலை தெரிகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

உன்
கக்ரா


செகொண்டி
30 ஜூலை 1996, செவ்வாய்

என் செல்ல ஊமைக்கு,

அம்மா சுகம், நானும் சுகம், கைநிறைய மத்தி. உன் கடிதத்தை நான் புகையடுப்புப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, யாராவது கேட்டால் புகை என்று சொல்லலாம் பார். முதலில் சிரித்தேன், அதுவும் உண்மை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு வாய் இல்லாமல் இல்லை, வாசலில் ஆள் நிற்கிறது. அந்த ஆளை விரட்ட வேண்டாம், கொஞ்சம் முன்னதாகவே உட்காரவைத்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

மாமா தோணியில் மாமாதான் தண்டேல், சுக்கான் அவர் கையில். ஆனால் வலை இழுப்பது யார்? அவருடைய மாமனார் குவெக்கு பெய்டூ. அறுபது தாண்டிய மனிதர். கரையில் மாமனாரைக் கண்டால் மாமா குரல் அணைந்த அடுப்பாகிவிடும். ஆனால் தோணி கரை நெருங்கும்போது காற்றில் என்ன கேட்கும், உனக்கும் தெரியும். "ஏ கிழட்டு ஆமை, இழு! தூங்குறியா, செத்துட்டியா?" இத்தனை வருடம் காதில் விழுந்தும் நாம் யாராவது கேட்டோமா, இது எப்படி நடக்கிறது என்று?

ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ கேட்பதுபோல மாமாவைக் கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் செபெ சொல்லிக்கிட்டிருந்தா அலை காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார். நேற்று விடியற்காலையில் நானே போய்ப் பார்த்தேன். தோணியைத் தள்ளுமுன் மாமா செருப்பைக் கழற்றினார், தோளிலிருந்து துணியை இறக்கினார், மாமனார் முன்னால் நின்றார். "செபெ. இனிமே கரை வர்ற வரைக்கும் நான் பேசுறது என் பேச்சு இல்ல, தோணியோட பேச்சு. கரைக்கு வந்ததும் நான் உங்க மருமகன்." கிழவர் புகையிலையைத் துப்பிவிட்டு, "சரிப்பா, திட்டு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்கச் செல்லும்.

நீயும் அதைச் செய். ஆட்டத்துக்கு முன்னால் மொத்தமாக ஒரு செபெ. பிறகு வாயைத் திற.

களத்தில் இறக்கினால்தானே கத்துவதற்கு என்று சொல்லாதே. இறக்குவார்கள். தங்கக் கால் என்று அந்த ஆளே சொல்லியிருக்கிறார்.

அராபா பன்யின்


ஸ்கார்விக்
1 செப்டம்பர் 1996

என் தண்டேல் அக்காவுக்கு,

நலம் நலம் நலம். அம்மாவுக்கும் அதுவே ஆகட்டும். உட்கார்ந்துகொண்டு படி.

ஆகஸ்டில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. கோச் பெஞ்சைப் பார்த்தார், வேறு ஆள் இல்லை, பெருமூச்சு விட்டு என் பெயரைச் சொன்னார். உடைமாற்றும் அறையில் எல்லோரும் ஷூவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நான் என் ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு ஆஸ்முண்ட் ஐயா முன்னால் போய் நின்றேன்.

"கால்ல அடியா?" என்றார்.

"இல்லைங்க ஐயா. மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

"இனிமே திட்டப் போறதுக்கு."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெட்டை ஃபார்வர்டு, "சேர்த்து எனக்கும் ஒண்ணு கேளுடா" என்றான். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "எவ்வளவு நேரத்துக்கு?" என்றார். "தொண்ணூறு நிமிஷம். நடுவர் கூட்டிக் குடுத்தா அதுவும்" என்றேன். "சரி, திட்டு" என்றார். அக்கா, அதே சொல்! மாமாவின் மாமனார் எழுந்து வந்து நார்வேயில் கோல் காக்கிறாரோ என்று நினைத்தேன்.

அதன் பிறகு என் வாயை நீ கேட்டிருக்க வேண்டும். எட்டாவது நிமிடத்தில் ஒரு கார்னர். அவர்கள் மொழியில் திட்டுவதற்கு எனக்கு வார்த்தை தெரியாது, நம் மொழியிலேயே வந்துவிட்டது. "ஏ கிழட்டு ஆமை, வெளிய வா!" என்றேன். என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை, எதற்குச் சொன்னேன் என்று புரிந்துவிட்டது. வந்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டார். அன்று 0-0. அடுத்தது 1-0, வெற்றி. அடுத்ததும் 1-0. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் போய் நிற்கிறேன், முடிந்ததும் போய், "கரை வந்துடுச்சுங்க ஐயா" என்கிறேன். போனவாரம் மறந்துபோய் ஷூ கட்டிக்கொண்டேன், அவரே கூப்பிட்டு, "இன்னிக்கு மன்னிப்பு இல்லையா?" என்று கேட்டார்.

ஆனால் வருட ஆரம்பத்தில் நாங்கள் விட்ட புள்ளிகள் கழுத்தைப் பிடிக்கின்றன. கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பினால்தான் என் ஒப்பந்தப் பேச்சே என்று கோச் சொல்லிவிட்டார்.

உன் குரைக்கும் தம்பி,
கக்ரா


செகொண்டி
17 செப்டம்பர் 1996, செவ்வாய்

கக்ரா,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "முப்பத்தெட்டு வயசு மனுஷனை ஆமைன்னானா?" என்று நெஞ்சில் கைவைத்தாள். உடனே உனக்காகவும் அந்தக் கோல்கீப்பருக்காகவும் சேர்த்து ஜெபம் செய்தாள். நடுநடுவில் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

மாமாவுக்கும் தெரிந்துபோயிற்று. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல செருப்பைக் கழட்டினானா?" என்று மட்டும் கேட்டார். "ஷூவையே கழட்டினான் மாமா" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு என்று உனக்குத் தெரியும்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் எழுது. ஒரு வரியானாலும் போதும். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன், ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மீனைக் கீழே போட்டுவிடுகிறேன்.

அராபா


ஸ்கார்விக்
27 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமா? நான் சுகம்.

கடைசி ஆட்டம் 1-1. ஒரு புள்ளி போதுமாக இருந்தது, தப்பித்தோம். எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆஸ்முண்ட் ஐயாவுக்கு அதுதான் கடைசி ஆட்டம், ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு கோல் வாங்கினோம், அது இருக்கட்டும்.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. மரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது, பார்க்க அழகாக இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

கொபினா


செகொண்டி
12 நவம்பர் 1996, செவ்வாய்

மரியாதைக்குரிய ஆஸ்முண்ட் ஐயா அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுவதை மன்னியுங்கள். நான் கொபினாவின் அக்கா அராபா. நீங்களும் உங்கள் மனைவியும் மகளும் நலமாக இருக்க வேண்டுமென்று எங்கள் வீட்டில் தினமும் ஜெபிக்கப்படுகிறது. உங்களை ஆமை என்று சொன்னதற்காக என் தாயார் தனியாக வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்.

என் தம்பிக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. கடற்கரை முழுக்க ஆடினோம். ஆனால் அவன் அதை எழுதியிருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஃபார்வர்டின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாதிப் பக்கம் எழுதுகிறவன், வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டத்தில் வாங்கிய கோலை 'அது இருக்கட்டும்' என்று விட்டுவிடுவானா? ஜெயித்தவன் கடிதம் மாதிரி இல்லை. பிறகு பனியைப் பற்றி எழுதுகிறான். பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பற்றி அவன் எழுதினால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

அவனைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பனியைத்தான் எழுதுவான். அதனால் உங்களைக் கேட்கிறேன். அன்று என்ன நடந்தது? அவன் ஏதாவது தப்புச் செய்துவிட்டானா?

நான் புகைபோட்ட மீன் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். அப்படியே சாப்பிடலாம்.

பணிவுடன்
அராபா எசில்ஃபி


ஸ்கார்விக்
1 டிசம்பர் 1996

அன்புள்ள அராபா,

மீன் வந்தது. என் மனைவி செய்முறை கேட்கிறாள். நாங்கள் மூவரும் நலம், என் முதுகைத் தவிர. ஆமை என்பதற்கு அர்த்தம் எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். என் ஓட்டத்தைப் பார்த்தால் உங்கள் தாயார் வருந்தமாட்டார்.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடலிலிருந்து பலத்த காற்று. எங்கள் பக்கம் ஒரு உயரமான பந்து வந்தது. நான் எடுக்க வெளியே வந்தேன், எனக்கு எளிதான பந்து. உங்கள் தம்பி, "விடு, என்னோடது!" என்று கத்தினான். நான் நின்றுவிட்டேன். காற்று பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. அவர்களுடைய ஆள் காலியான கோலில் தட்டிவிட்டான். தப்பு அவனுடையதுதான்.

அதன் பிறகு அவன் கத்துவதை நிறுத்திவிடுவான் என்று பயந்தேன். அடுத்த பந்துக்கே இன்னும் பலமாகக் கத்தினான். இந்தத் தடவை சரியாக இருந்தது. கடைசி இருபது நிமிடம் அவன் கத்தியபடியே நாங்கள் எல்லோரும் ஓடினோம். தப்பித்தோம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும், அவனுக்குத் தெரியாது. ரைடார் அவன் இடத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார். ஆட்டம் முடிந்து அறைக்குள் வந்ததும், "யார் அந்தப் பந்தை விட்டது?" என்று கத்தினார். நான் உடனே, "நான்தான். காத்துல அவன் கூப்பிட்டது கேக்கல" என்றேன். எனக்கு அதுதான் கடைசி நாள், இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு எல்லாமே இருந்தது. நல்ல பொய் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் தம்பி எழுந்து நின்றான். எல்லோர் முன்னாலும் என்னைக் கை காட்டி, "இவரு பொய் சொல்றாரு. இவருக்கு நல்லாக் கேட்டுச்சு. விடச் சொன்னது நான். தப்பு என்னோடது" என்றான். முன்னால் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை, ஷூவும் காலில்தான் இருந்தது. ரைடார் அவனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மே மாசம் வாயே தொறக்காம தரையைப் பாத்துக்கிட்டு நின்னவன்டா இவன்" என்றார். அன்று மாலையே டென்மார்க் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருடமாக ரைடாரை எனக்குத் தெரியும், ஒரு முடிவை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

அவன் உங்களிடம் மறைத்தது கோலை இல்லை. ஒரு பெரியவரைப் பலர் முன்னால் பொய்யர் என்று சொல்லிவிட்டானாம். ஊரில் தெரிந்தால் அம்மா முகத்தில் விழிக்க முடியாதாம். ஒப்பந்தம் கிடைத்ததில்கூட அவனுக்குச் சந்தோஷம் இல்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறான்.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மன்னிப்புக் கேட்க என் வீட்டுக்கு வருகிறான். உள்ளே வந்து ஷூவைக் கழற்று என்றால் கேட்பதில்லை, வெளியே படியில் கழற்றிவிட்டுப் பனியில் வெறுங்காலோடு நிற்கிறான். நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் தலையாட்டுகிறான், அடுத்த ஞாயிறு திரும்ப வந்து நிற்கிறான். இன்று காலை வெளியே மைனஸ் பதினான்கு. என் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவருகில் காத்திருக்கிறாள். மூத்தவள் சொன்னால் மட்டும்தான் கேட்பானாம், அவனே சொன்னான். தயவுசெய்து போதும் என்று ஒரு வரி எழுதுங்கள். இன்னும் இரண்டு வருடம் அந்தக் கால்கள் எங்களுக்கு வேண்டும்.

உங்கள் தாயாருக்கு என் வணக்கம்.

ஆஸ்முண்ட்